எரிந்தது ரெசிஸ்டர், எரித்தது யார்?

ப்ளோயர் குமிழை ஒன்றில் வைத்தால் சத்தமே இல்லை. இரண்டிலும் மூன்றிலும் அதே கதை. நான்குக்குத் திருப்பியதும் முகத்தில் சூறைக்காற்று. மும்பையை ஒட்டிய அம்பர்நாத், உல்லாஸ்நகர், கல்யாண் பக்கத்து ஏசி பட்டறைகளில் இந்தப் புகாரைச் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "ரெசிஸ்டர் போச்சு சார், மாத்திடலாம்." கிளவ் பாக்ஸைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, இரண்டு திருகை எடுத்து, கருகிப்போன ஒரு சின்னப் பலகையை வெளியே எடுத்துக் காட்டுவார். புதிதை மாட்டியதும் நான்கு வேகமும் வேலை செய்யும். மெக்கானிக் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் சில மாதத்தில் அதே கார் அதே புகாரோடு திரும்பி வந்தால், அன்றைக்குச் சொன்னது பாதிதான் என்று அர்த்தம். ரெசிஸ்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அதைச் சாகடித்தது வேறு எங்கோ இருக்கிறது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அது அப்படியே காருக்குள் தங்கிவிடுகிறது.

நான்காவது வேகம் மட்டும் ஏன் பிழைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ப்ளோயர் என்பது 12 வோல்ட் டிசி மோட்டார் ஒன்றும், அதன் தண்டில் மாட்டிய பிளாஸ்டிக் உருளை ஒன்றும்தான். உருளையின் ஓரம் முழுக்கச் சிறு தகடுகள் நெருக்கமாக நிற்கும். சுழலும்போது நடுவில் காற்றை இழுத்து ஓரத்தில் வீசும். வீசிய காற்று கூலிங் காயிலையும் ஹீட்டர் காயிலையும் கடந்து முகத்துக்கோ, காலுக்கோ, முன்கண்ணாடிக்கோ போகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தின் வழியில் ஒரு தடையை வைப்பதுதான் பழைய, மலிவான உபாயம். ஒன்றாம் வேகத்துக்குப் பெரிய தடை, இரண்டுக்கு அதைவிடச் சிறியது, மூன்றுக்கு இன்னும் சிறியது. நான்கில் தடையே இல்லை. மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. அதனால் ரெசிஸ்டர் எரிந்தால் முதல் மூன்றும் போகும், நான்கு நிற்கும். இதற்கு நேர் எதிராக மூன்று வரை ஓடி நான்கில் மட்டும் ஓடவில்லை என்றால், ரெசிஸ்டரை விட்டுவிட்டு ஸ்விட்ச்சையோ முழுவேக ரிலேயையோ பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் காருக்குக் கார் மாறும், விகிதம்தான் முக்கியம். எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வேகத்தில் தடை 2 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர். தடையில் விழுவது 8 வோல்ட், அங்கே வெப்பமாகப் போவது 32 வாட். மோட்டாருக்கு மிஞ்சுவது 5.5 வோல்ட், அதாவது 22 வாட். மெதுவாகச் சுற்றும் ப்ளோயர் காற்றை வீசச் செலவிடுவதைவிட ரெசிஸ்டரைச் சூடாக்கவே அதிகம் செலவிடுகிறது. கடையில் வாங்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ரெசிஸ்டர் அதைவிட அதிக வெப்பம் விடும் சரக்கு. பிறகு ஏன் அது டேஷ்போர்டை உருக்குவதில்லை? அதை வைத்திருக்கும் இடத்தில்தான் சூட்சுமம். ப்ளோயரின் வாயருகே, காற்று பாயும் குழாய்க்குள்ளேயே ரெசிஸ்டரைச் செருகியிருப்பார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை அந்த மோட்டார் வீசும் காற்றே குளிர வைக்கிறது.

அழகான ஏற்பாடு, மோட்டார் சுற்றும் வரைக்கும். ஒருநாள் காலையில் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் துருப்பிடித்து இறுகி, தண்டு திரும்ப மறுக்கிறது என்று வையுங்கள். சுற்றும் மோட்டார், உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். நின்ற மோட்டாருக்கு அது கிடையாது. வெறும் தாமிரச் சுருளாகிவிடும், தடை அரை ஓமுக்கும் கீழே. 0.4 ஓம் என்று கொண்டால் மொத்தத் தடை 2.4 ஓம், மின்னோட்டம் 5.6 ஆம்பியர். ரெசிஸ்டரில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 63 வாட், முன்பைப்போல இரண்டு மடங்கு. அதைத் தணிக்கக் காற்றோ துளியும் இல்லை. இந்த வேளையில் ஃபியூஸ் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. ப்ளோயர் ஃபியூஸ் பெரும்பாலும் 25 அல்லது 30 ஆம்பியர்; அது முழுவேகத்துக்காகக் கணக்கிட்டு வைத்தது. 5.6 ஆம்பியர் அதன் கண்ணில் ஒரு விஷயமே இல்லை. உள்ளே 63 வாட் கனன்றுகொண்டிருக்க, ஃபியூஸ் நிம்மதியாக இருக்கும்.

இதற்காகத்தான் ரெசிஸ்டர் பலகையிலேயே இன்னொரு காவலாளியை வைத்தார்கள். அதன் பெயர் தெர்மல் ஃபியூஸ். மின்னோட்டத்தைக் கவனிக்காமல் வெப்பத்தை மட்டும் கவனிக்கும். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் உருகி இணைப்பைத் துண்டிக்கும், மறுபடி ஒட்டாது. 'ரெசிஸ்டர் போச்சு' என்று நாம் சொல்வது பல நேரங்களில் இந்தக் காவலாளி தன் கடமையைச் செய்ததைத்தான். கம்பிச்சுருளைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். தெர்மல் ஃபியூஸ் மட்டும் அறுந்திருக்கும்.

இங்கேதான் நம் பட்டறைகளுக்கே உரிய அந்தச் சொல் வருகிறது: "டைரக்ட் கொடுத்துட்டேன்." அறுந்த தெர்மல் ஃபியூஸின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ஈயம் வைத்துவிடுவது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நான்கு வேகமும் திரும்பிவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய உதிரிபாகத்துக்கு அலையவும் வேண்டாம். இந்தக் கைவேலை மீது எனக்கு மரியாதை உண்டு. தாராவியிலும் குர்லாவிலும் பாதி வண்டிகள் இந்த மாதிரி விரல்களால்தான் ஓடுகின்றன. ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் அதை ஒப்புக்கொள்ள முடியாது. இது பழுதைச் சரிசெய்வதில்லை, பழுதைப் பார்த்துக் குரல் கொடுத்த ஒரே ஆளின் வாயைக் கட்டுகிறது.

இது ஏட்டளவு பயம் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். அங்கே வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸாஃபிரா-பி என்ற ஏழு பேர் அமரும் குடும்பக் கார் 2005 முதல் விற்பனையில் இருந்தது. 2014, 2015 வாக்கில் அந்தக் கார்கள் தீப்பிடித்த செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கி, நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. டேஷ்போர்டில், பயணியின் பக்கத்தில், கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து புகை; சில நிமிடங்களில் கார் முழுக்கத் தீ. தானியங்கி ஏசி இல்லாத, அதாவது ரெசிஸ்டர் வைத்த வகைக் கார்களில்தான் இது நடந்தது. ஆராய்ந்த நிறுவனம், யாரோ தெர்மல் ஃபியூஸை முறைகேடாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்றது. நம் ஊர் மொழியில், டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். 2015 இறுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்து ரெசிஸ்டர்களைச் சோதித்தார்கள், மாற்றினார்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். சரிபார்த்து அனுப்பிய கார்களிலும் தீப்பிடித்தது. 2016-இல் இரண்டாவது முறை திரும்ப அழைத்தார்கள். இந்த முறை பார்வை மோட்டார் பக்கம் போனது. ஈரம் உள்ளே புகுந்து, மோட்டார் துருப்பிடித்து இறுகி, ரெசிஸ்டரைக் காய்ச்சியிருக்கிறது. நாம் மேலே போட்ட அதே கணக்கு. 2017 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு வெளியிட்ட அறிக்கை, பழியை முறைகேடான பழுதுபார்ப்பின் மேல் போடுவதில் நிறுவனம் அவசரப்பட்டது என்று கண்டித்தது. காவலாளி ஏன் உருகினான் என்ற கேள்வியை முதல் சுற்றிலேயே கேட்டிருந்தால் இரண்டாவது சுற்றுக்கு வேலை இருந்திருக்காது.

இங்கிலாந்து மழையிலேயே ஈரம் புகுமென்றால் நம் மழைக்கு என்ன சொல்வது! 2005 ஜூலை 26-இல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. 2019 ஜூலை 27-இல் உல்லாஸ் நதி பெருகி, அம்பர்நாத்துக்கு அடுத்த பத்லாபூரைத் தாண்டி வாங்கணி அருகே மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டார்கள். அந்த மாதிரி நாளில் காருக்குள் தண்ணீர் சீட் உயரத்துக்கு வந்தால் முதலில் நனையும் மின்பொருள்களில் ப்ளோயர் மோட்டாரும் ஒன்று. பயணியின் கால்மாட்டுக்குச் சற்று மேலேதான் அது தொங்குகிறது. கம்பளத்தைக் காயப்போட்டு, எஞ்சின் ஆயிலை மாற்றி, கார் பிழைத்துவிட்டது என்று எண்ணுகிறோம். மோட்டாருக்குள் துரு தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

வெள்ளம் வராத வருஷங்களிலும் தண்ணீருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலே. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் கைகளுக்குக் கீழே உள்ள கறுப்புச் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று ப்ளோயருக்கு வருகிறது. குல்மோகரின் பொடி இலையும் அரச இலையும் அங்கே விழுந்து மட்கினால் வடிகால் துளை அடைபட்டு, மழைநீர் தேங்கி, வழிந்து ப்ளோயருக்குள் இறங்கும். இன்னொன்று கீழே. கூலிங் காயிலில் படியும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். ஜூலை மாதத்தில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் சொட்டு விழவில்லையென்றால் சந்தோஷப்படக் கூடாது, குழாய் அடைத்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம், பயணியின் பக்கத்து மிதியடி ஈரம் என்பவை அடுத்த கட்டம். எலிகளைப் பற்றித் தனியாக எழுதலாம். மழைக்கு ஒதுங்க ப்ளோயர் அறையைவிட நல்ல வீடு அவற்றுக்குக் கிடைக்காது. பஞ்சும் காகிதமும் அவையே கொண்டுவந்துவிடும்.

பழுது எங்கே என்று தேட ஸ்பேனரை எடுக்கும் முன் காதைக் கொடுப்பது நல்லது. சத்தமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் அது மின்சாரத்தின் விவகாரம்: ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், ரெசிஸ்டர், மோட்டார், எர்த். சத்தம் இருக்கிறது, காற்று வரவில்லை என்றால் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம், வழியில் அடைப்பு. காலையில் முதல் சில நிமிடம் கீச்சிட்டுப் பிறகு அடங்கினால் புஷ்ஷில் எண்ணெய் வற்றுகிறது, மோட்டார் இறுகப்போவதற்கு முன்னறிவிப்பு அது. வேகத்தோடு சேர்ந்து வேகமாகும் டக்டக் சத்தம் என்றால் உருளைக்குள் ஒரு காய்ந்த காம்பு. குழியில் விழுந்தால் நின்று, அடுத்த குழியில் ஓடத் தொடங்கினால் (பத்லாபூர் ரோட்டில் இந்தச் சோதனைக்குக் குழிப் பஞ்சம் இல்லை) மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது வயரைச் செருகும் கப்ளர் தளர்ந்திருக்கலாம். மோட்டார் உடலை லேசாகத் தட்டியதும் ஓடினால் கார்பன்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். ப்ளோயரைத் தொடாமல், குளிர்-சூடு குமிழைத் திருப்பும்போது மட்டும் டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று பல்லி மாதிரிக் கேட்டால், காற்றுக் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரில் பல்சக்கரம் உடைந்திருக்கிறது.

அடைப்பு விஷயத்தில் ஒரு விசித்திரம். ஏசி ஃபில்டரில் தூசி அப்பிக்கொண்டால் மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்கும் என்று பலர் சொல்வார்கள். நடப்பது எதிர்மாறு. இந்த வகை விசிறிக்குச் சுமை, அது தள்ளும் காற்றுதான். காற்று குறைந்தால் சுமை குறைகிறது, மோட்டார் வேகமெடுக்கிறது, மின்னோட்டம் இறங்குகிறது. அடைபட்ட ப்ளோயரின் குரல் கீச்சென்று உயர்வதற்குக் காரணம் இது. ஆனாலும் ரெசிஸ்டர் சாகும். மின்னோட்டம் கொஞ்சம்தான் இறங்குகிறது, ரெசிஸ்டரைத் தணிக்கும் காற்றோ பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆக, இறுகிய மோட்டார், அடைபட்ட ஃபில்டர் என்று வேறுவேறு திசையிலிருந்து வரும் இரண்டு எதிரிகளும் ஒரே பிணத்தை விட்டுச் செல்கிறார்கள். பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. அங்கே கூலிங் காயிலின் நெருக்கமான தகடுகளே ஃபில்டராக மாறி, தூசியும் ஈரமும் சேர்ந்து களிமண் பூசிக்கொள்ளும். நெடுந்தூரம் ஓட்டியபின் காற்று மெல்ல மெல்ல ஒடுங்கி, ஏசியை அணைத்துக் கால்மணி கழித்து மறுபடி தாராளமாக வந்தால், காயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கிறது. அதன் வெப்ப உணரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பிப் பாருங்கள். எல்லா வேகத்திலும் 12 வோல்ட் காட்டும். ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். மின்னோட்டம் ஓடினால்தான் தடையில் மின்னழுத்தம் விழும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். இதே காரணத்தால், துருப்பிடித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு முன்னால் யோக்கியனாக நிற்கும். கப்ளரை மாட்டிய நிலையில், மோட்டார் ஓடும்போது பின்புறமாக அளக்க வேண்டும். அல்லது பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மாதிரி ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப். அது 4, 5 ஆம்பியர் இழுப்பதால் நொண்டி வயர் உடனே அம்பலமாகும். ப்ளோயர் முழுவேகத்தில் ஓடும்போது மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது எர்த்தில்.

கப்ளரைக் கழற்றும்போது அதன் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். பழுப்பேறியிருந்தால், உருகி வளைந்திருந்தால், புது ரெசிஸ்டரைப் பழைய கப்ளரில் செருகுவது வீண். 15 ஆம்பியர் போகும் முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தால் 22 வாட்டுக்கு மேல் வெப்பம், விரல்நுனி அளவு இடத்தில். கொங்கணக் கடற்கரையின் ஈரக்காற்று முனைகளைக் களிம்பேற்றுவதில் கைதேர்ந்தது. விலையுயர்ந்த கார்களுக்கும் விலக்கில்லை: 2017 நவம்பரில் பிஎம்டபிள்யூ தன் 3 சீரிஸ் கார்களில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது ப்ளோயரின் வயரிங்கும் கப்ளரும் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதற்காகத்தான். தானியங்கி ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது எரியும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகி எரிவதால் அறிகுறியும் தலைகீழ்: ப்ளோயர் எந்நேரமும் முழுவேகத்தில் கத்தும், சில கார்களில் சாவியை எடுத்தபின்னும்.

சரி, ப்ளோயர் ஓடாவிட்டால் வியர்க்கும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். மே மாதத்தில் அவ்வளவுதான். ஜூலையில் அது பார்வையின் பிரச்சினை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40, 50 கிராம் நீராவி விடுகிறார். காருக்குள் இருப்பது சுமார் 3 கன மீட்டர் காற்று. 26 டிகிரியில் அது முழுக்க நிறைந்தாலும் 73 கிராம் நீராவிதான் தாங்கும். மழைநாளில் ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கும். நான்கு பேர் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மால்ஷேஜ் காட் பார்க்கக் கிளம்பினால் கல்யாண் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி வெளுத்துவிடும். மும்பையின் பிரீமியர் பத்மினி காலி-பீலி (கறுப்பு-மஞ்சள்) டாக்ஸிகளில் ஏசி இல்லை, ஆனால் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருந்தது. அதைக் கொஞ்சம் திறந்தால் போதும், உள்ளே வெளியே பேதம் தீர்ந்துவிடும். கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது அந்த முக்கோணமும் போனது.

இன்றைய காரில் அதே வேலையைக் கூலிங் காயில் செய்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்ந்த காயிலில் காற்று பட்டதும் ஈரம் தண்ணீராகிச் சொட்டிவிடும். வறண்ட அந்தக் காற்றை ஹீட்டர் காயிலில் லேசாகச் சூடாக்கிக் கண்ணாடியில் அடித்தால் மூடுபனி ஒரு நிமிடத்தில் விலகும். மும்பையில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: ஏசியும் சூடும் ஒன்றாக, வெளிக்காற்று நிலையில். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கி, இனிப்பு வாடையும் வந்தால் மட்டும் ஹீட்டர் காயில் கூலன்ட்டைக் கசிய விடுகிறது என்று பொருள். அதை எந்தக் காற்றாலும் துடைக்க முடியாது. நம் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முகத்துக்குக் குளுகுளுவென்று வைத்த காற்று கண்ணாடியைக் குளிரவைத்து, மூடுபனி வெளிப்புறத்தில் படியும். உள்ளே துணியால் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போவார்கள். வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, போனால் வெளிப்பனி. கண்ணாடிக்குப் போகும் குளிரைக் குறைத்தால் தீர்ந்தது.

காட் ரோட்டில் மழைக்கு நடுவே ப்ளோயர் செத்துவிட்டால் முதலில் உட்சுழற்சிப் பொத்தானை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், கதவைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் ப்ளோயர் இல்லாமலே கொஞ்சம் காற்று உள்ளே வரும். சூட்டுக் குமிழை முழுக்கத் திருப்புங்கள், ஏசியை அணையுங்கள். காற்றோட்டமற்ற காயிலில் பனிக்கட்டிதான் சேரும். பின்சீட்டின் இரண்டு கண்ணாடிகளை இரு விரல் அளவு இறக்கினால் மூச்சின் ஈரம் வெளியேறும், சட்டை கொஞ்சம் நனையும். ப்ளோயர் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். ஓடாத மோட்டாரை ஒன்றில் வைத்துக்கொண்டு "எப்போதாவது வரும்" என்று காத்திருப்பது, அந்த 63 வாட் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மலையேறுவது. பட்டறைக்குப் போனதும் ரெசிஸ்டரை மாற்றுகிறவரிடம் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள்: ஃபில்டரைக் கழற்றிக் காட்ட, உருளையைக் கையால் சுற்றிப் பார்க்க, முழுவேகத்தில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் அளக்க. இதற்கு அவர் கூடுதலாகக் கேட்கும் காசைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.